சொர்க்கத்தில் வேலை காலி!

ஆண்டுக்கு 20 லட்சம் பேர் விடுமுறைக்கு வந்து போகும் மாலத்தீவில், அந்த மண்ணின் பிள்ளைகளுக்கு மட்டும் வேலை ஏன் கைகூடவில்லை?

தலைநகர் மாலேயின் விமான நிலையத்தில் தினமும் இரண்டு விதமான ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். முதல் விதத்தாரை ரிசார்ட் ஊழியர்கள் பெயர்ப்பலகை பிடித்து வரவேற்று, ஸ்பீடு போட்டிலோ கடல் விமானத்திலோ ஏற்றி அனுப்பிவைக்கிறார்கள். இரண்டாவது விதத்தாருக்கு வரவேற்பு கிடையாது. கையில் வேலை அனுமதிச் சீட்டோடு வரிசையில் நிற்கும் வங்கதேச, இந்திய, இலங்கை, நேபாளத் தொழிலாளர்கள் அவர்கள். சமைக்க, துடைக்க, கட்டிடம் கட்ட, கணக்கு எழுத, பள்ளியில் பாடம் நடத்த, மருத்துவமனையில் ஊசி போட அவர்கள் வேண்டும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாலத்தீவில் வசிப்போர் சுமார் 5.15 லட்சம். அதில் 1.32 லட்சம் பேர் வெளிநாட்டவர், அதாவது நான்கில் ஒருவர். வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் வேலை செய்யும் வயதினர் என்பதால், உழைக்கும் கைகளை மட்டும் எண்ணினால் அவர்களின் பங்கு இன்னும் கூடும். அதே ஊரில், படித்து முடித்த உள்ளூர் இளைஞர்கள் மாலேயின் தேநீர்க் கடைகளில் பொழுதைக் கழிக்கிறார்கள். தூரத்துத் தீவுகளில் பெண்கள் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார்கள்.

வேலை இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. சுற்றுலா ஒன்றையே நம்பி வாழும் எந்தத் தீவுக்கும் வரக்கூடிய சிக்கல் இது. மாலத்தீவில் அது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மாசி போய் மணல் வந்தது

தமிழர்களுக்கு மாலத்தீவு புதிய ஊர் அல்ல. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குப் போவது பழைய வழக்கம். அங்குள்ள பள்ளிகளில் தமிழ்நாட்டு, கேரள ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாகப் பாடம் நடத்திவருகிறார்கள். இலங்கைத் தமிழர் வீட்டுச் சம்பலில் மணக்கும் மாசி, மாலத்தீவின் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்துச் செய்தது.

சுற்றுலாவுக்கு முன்பு அந்த நாட்டுக்குச் சோறு போட்டது அந்த மாசிதான். 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை, மாசி இறக்குமதியைக் குறைத்தது. ஒரே பொருள், ஒரே சந்தை என்று இருந்த நாடு ஆட்டம் கண்டது.

ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். சில உள்ளூர் இளைஞர்கள் அவரோடு கைகோத்தார்கள். 1972 அக்டோபரில் விஹமனாஃபுஷி தீவில் குரும்பா என்ற பெயரில் 30 அறைகளோடு முதல் ரிசார்ட் திறந்தது. அப்போது பயிற்சி பெற்ற சமையல்காரரோ, வெயிட்டரோ, வரவேற்பாளரோ கிடையாது. தெரிந்தவரை செய்தார்கள், செய்து செய்து கற்றார்கள். இன்று 170க்கும் மேற்பட்ட ரிசார்ட்டுகள் இருக்கின்றன. 2024இல் வந்த பயணிகள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. தென்கோடியில், மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அட்டு பவளத்தீவுக் கூட்டத்தில், கன் என்ற தீவில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. நூற்றுக்கணக்கான அட்டுக்காரர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். மேசை பரிமாறவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் ஆங்கிலம் பேசவும் பழகினார்கள். 1976இல் தளத்தை மூடிவிட்டு பிரிட்டிஷார் கிளம்பியபோது ஒரே நாளில் ஊரே வேலையிழந்தது. அந்த மனிதர்கள் வடக்கே கப்பலேறி, புதிதாக முளைத்த ரிசார்ட்டுகளில் சேர்ந்தார்கள். மாலத்தீவுச் சுற்றுலாவுக்குக் கிடைத்த முதல் தேர்ந்த ஊழியர் படை அதுதான்.

அந்தப் படையை உருவாக்கியது எந்தக் கல்லூரியும் அல்ல, மூடிப்போன ஒரு ராணுவ முகாம். கைத்திறன் கற்றவன் ஒரு முதலாளி போனாலும் இன்னொரு இடத்தில் பிழைப்பான் என்பதை அட்டு அப்போதே காட்டிவிட்டது.

ஒரு தீவு, ஒரு ரிசார்ட்

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 190க்குள். ஆளில்லாத தீவுகளை அரசு குத்தகைக்கு விடுகிறது. ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட். அங்கே மதுவும் பன்றி இறைச்சியும் உண்டு, மக்கள் வாழும் தீவுகளில் இல்லை. குடிமக்கள் எல்லோரும் இஸ்லாமியராக இருக்கும் நாட்டில் பண்பாட்டுச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவியது. இயற்கையைக் காப்பதற்கும் ஓரளவு உதவியது. ஆனால் வேலை தேடுபவருக்கு இது பெரிய சுவராக நிற்கிறது.

காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது பெரும்பாலான ரிசார்ட் ஊழியர்களுக்கு நடக்காத காரியம். ஊழியர் குடியிருப்பில் பலரோடு அறையைப் பகிர்ந்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு கிடைத்தாலும், சொந்தத் தீவு தொலைவில் இருந்தால் படகுக்கான நேரமும் செலவும் கட்டுப்படியாகாது. பிள்ளை பிறந்த சேதியையும் தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற சேதியையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளும் தகப்பன்களும் மகன்களும் அங்கே நிறைய.

ஆண்களுக்கே இப்படியென்றால் பெண்கள் நிலை? இந்த நாட்டில் பெண் கல்வி குறைவில்லை. ஆசிரியர், செவிலியர், அரசு அலுவலர்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் ரிசார்ட் ஊழியர்களில் உள்ளூர்ப் பெண்களின் எண்ணிக்கை மிகச் சொற்பம். வீட்டைவிட்டு வேறொரு தீவில் தங்குவதை, அதுவும் மது புழங்கும் இடத்தில் தங்குவதை, குடும்பங்கள் விரும்புவதில்லை. திருமணமான பெண்ணுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாட்டின் மிகப் பெரிய தொழில், மக்களில் பாதிப் பேருக்குக் கதவைச் சாத்திவைத்திருக்கிறது. கதவைத் தள்ளித் திறக்கும் அக்கறை அரசிடமும் இல்லை, முதலாளிகளிடமும் இல்லை.

பாதியில் நிற்கும் ஏணி

சேர்ந்தவர்கள் எவ்வளவு உயரம் போகிறார்கள்? ரூம் பாய், வெயிட்டர், படகோட்டி, தோட்டக்காரர், வரவேற்பு மேசை உதவியாளர் என்று தொடங்கும் பலர், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேற்பார்வையாளர் ஆகிறார்கள். அதற்கு மேல் படிகள் குறுகிவிடுகின்றன. தலைமைச் சமையல்காரர், நிதி மேலாளர், விற்பனைத் தலைவர், பொது மேலாளர் பதவிகளுக்குச் சர்வதேச ஹோட்டல் குழுமங்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவதே வழக்கமாக இருக்கிறது. மாலத்தீவுக்காரர்கள் பொது மேலாளர் ஆன உதாரணங்கள் உண்டு, இப்போது கூடியும் வருகின்றன. ஆனால் 50 ஆண்டு கடந்த ஒரு தொழிலில் அது இன்னும் பத்திரிகைச் செய்தியாகும் அளவுக்கு அபூர்வம்.

இதற்கு முதலாளிகளின் மனப்பான்மையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹோட்டல் தொழிலில் மேலே போகும் முக்கியமான பாதை, உணவு, பானப் பிரிவு. மாலத்தீவு ரிசார்ட்டுகளின் பார்களில் மது ஊற்றிக் கொடுப்போர் பெரும்பாலும் வெளிநாட்டவர். மதப்பற்று காரணமாக உள்ளூர் இளைஞர்கள் அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கும்போதே மேலே போகும் பாதைகளில் ஒன்று அடைபட்டுவிடுகிறது.

ரிசார்ட் ஊழியர்களில் குறைந்தது பாதிப் பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாக விதி இருக்கிறது. பல இடங்களில் அது எட்டப்படுவதில்லை. எட்டப்பட்டாலும் அந்த விதி எண்ணுவது தலைகளை மட்டுமே, பதவிகளை அல்ல. தோட்டத்தில் பத்து உள்ளூர்க்காரர்களும் அலுவலகத்தில் பத்து வெளிநாட்டவரும் இருந்தால், காகிதத்தில் சரிபாதி. சம்பளப் பட்டியலில் கதையே வேறு.

நாட்டில் முதல்முறையாகக் குறைந்தபட்ச ஊதியம் 2022 ஜனவரியில் வந்தது. பெரிய நிறுவனங்களில் மாதம் 8,000 ருஃபியா. அது வந்தபோது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பொருந்தவில்லை. மலிவான ஆள் வேண்டும் என்று நினைக்கும் முதலாளி யாரைத் தேடுவார் என்று சொல்லத் தேவையில்லை. விருந்தினரிடம் வசூலிக்கும் 10 சதவீத சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பகிர்ந்து தர வேண்டும் என்ற சட்டம் நல்ல சட்டம். பல ரிசார்ட்டுகளில் அடிப்படைச் சம்பளத்தைவிட அந்தப் பங்கு பெரிது. ஆனால் அந்தத் தொகை நிலையானது அல்ல. பருவம் நன்றாக இருந்தால் ஏறும், மந்தமானால் இறங்கும். அதை நம்பி வீடு கட்டக் கடன் வாங்க முடியாது.

படிக்க மாலேக்குப் போ!

ஹோட்டல் தொழில் கற்றுத்தர நாட்டில் நிறுவனமே இல்லை என்று சொன்னால் அது பொய். 1987இல் மாலேயில் ஹோட்டல், கேட்டரிங் பள்ளி தொடங்கியது. இன்று அது மாலத்தீவு தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு புலம். 2011இல்தான் நாட்டுக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகம் என்று ஒன்று வந்தது. தனியார் கல்லூரிகளும் தொழிற்பயிற்சிக்கான பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. ஃபோர் சீசன்ஸ் ரிசார்ட்டுகள் 2001 முதல் நடத்தும் அப்ரெண்டிஸ் திட்டத்தில் பள்ளி முடித்த இளைஞர்கள் தங்கி, சமையல், ஹவுஸ் கீப்பிங், படகு ஓட்டுதல், டைவிங் என்று கற்றுச் சான்றிதழோடு வெளியேறுகிறார்கள். முதல் பட்டப் படிப்பை அரசு இலவசமாக்கியது.

சிக்கல் இடத்தில் இருக்கிறது. படிப்பும் மருத்துவமும் அரசு அலுவலகமும் குவிந்திருப்பது மாலேயில். தலைநகர்த் தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். பக்கத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய ஹுல்ஹுமாலேயையும் சேர்த்தால், நாட்டு மக்களில் 10 பேருக்கு 4 பேர் அந்த வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வடக்கிலோ தெற்கிலோ உள்ள சிறு தீவில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு மேற்படிப்பு என்றாலே மாலே வாடகை கண்முன் நிற்கிறது. இரண்டு அறை வீட்டில் பத்துப் பேர் தங்குவதும், படிக்க வந்த உறவினர் பிள்ளை கூடத்தில் படுத்துறங்குவதும் அங்கே சகஜம். இந்தச் செலவைத் தாங்க முடியாதவன் சான்றிதழ் இல்லாமலே ரிசார்ட்டுக்குப் போகிறான். சான்றிதழ் இல்லாதவன் முதல் படியிலேயே நிற்கிறான்.

கற்றுத்தரும் பாடத்திலும் ஒரு போதாமை உண்டு. ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒரு குட்டி நகராட்சி. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கழிவுநீர் நிலையம், குளிர்பதனக் கிடங்கு, படகுத்துறை, சூரிய மின்தகடுகள் எல்லாம் அந்தத் தீவுக்குள்ளேயே இயங்குகின்றன. இவற்றைப் பராமரிக்கும் எலெக்ட்ரீஷியனும் ஏசி மெக்கானிக்கும் டீசல் மெக்கானிக்கும் இல்லாமல் எந்தச் சொகுசும் ஒரு நாள்கூட ஓடாது. இந்த வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள். சுற்றுலாப் பயிற்சி என்றாலே தட்டு ஏந்துவதும் படுக்கை விரிப்பதும்தான் என்று சுருக்கிக்கொண்டதன் விலை இது. பரிமாறும் திறமைக்கு ரிசார்ட் வேண்டும். மெக்கானிக்கின் திறமை எந்த ஊரிலும் சோறு போடும்.

நழுவிப்போன மாற்றுகள்

சுற்றுலா இல்லையென்றால் வேறென்ன? கன் தீவில், பிரிட்டிஷார் விட்டுப்போன கட்டிடங்களில் 1980களில் ஆயத்த ஆடை ஆலைகள் வந்தன. ஆடை ஏற்றுமதிக்கான சர்வதேச ஒதுக்கீட்டுச் சலுகையை நம்பி வந்த ஆலைகள் அவை. அங்கும் தைத்தவர்களில் கணிசமானோர் இலங்கையிலிருந்து வந்த பெண்கள். 2005 தொடக்கத்தில் ஒதுக்கீடு முடிவுக்கு வந்ததும் ஆலைகள் நடையைக் கட்டின.

மீன்பிடி இன்றும் இருக்கிறது. வலைவீசாமல் தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் முறைக்கு ஐரோப்பியச் சந்தையில் மதிப்பும் உண்டு. ஆனால் வெயிலில் காயும் அந்த வேலையில் பிள்ளைகளைச் சேர்க்க மீனவர்களே விரும்புவதில்லை. தொட்டூ தீவில் விளையும் தர்ப்பூசணியும் பப்பாளியும் ரிசார்ட்டுகளுக்குப் போகின்றன. வயலில் இறங்குவோரில் பலர் வங்கதேசத்தவர். மிஞ்சுவது அரசு வேலையும் அரசு நிறுவன வேலையும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பட்டியல் நீள்கிறது. சம்பளம் சுமார்தான் என்றாலும் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரு காரணம் போதும், இளைஞர்கள் அங்கே வரிசை கட்ட.

கடல் மூடிய நாட்கள்

ஒரே தொழிலை நம்புவதன் ஆபத்து 2020இல் தெரிந்தது. கொரோனாவால் மார்ச் இறுதியில் எல்லையை மூடிய மாலத்தீவு, ஜூலை 15 அன்று திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 17 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு அந்த ஆண்டு வந்தது சுமார் 5.55 லட்சம் பேர். பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. ரிசார்ட் ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் தங்கள் தீவுகளுக்குத் திரும்பினார்கள். அரசு மாதம் 5,000 ருஃபியா வரை நிவாரணம் தந்தது. பரிமாறுவதைத் தவிர வேறு கைத்தொழில் கற்றிராதவர்கள், அடுத்த விமானம் எப்போது இறங்கும் என்று காத்திருந்தார்கள்.

நான்கு ஆண்டு கழித்து வந்த அதிர்ச்சி அரசியலால் வந்தது. 2024 ஜனவரியில் இந்தியப் பிரதமரைப் பற்றி மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூவர் சமூக ஊடகத்தில் எழுதிய அவமரியாதையான வரிகள் பெரும் சர்ச்சையாகின. முந்தைய ஆண்டில் 2 லட்சத்துக்கும் மேல் சென்ற இந்தியப் பயணிகள், அந்த ஆண்டு சுமார் 1.3 லட்சமாகக் குறைந்தார்கள். அமைச்சர்கள் எழுதினார்கள், அறைகள் காலியானது இந்தியப் பயணிகளை நம்பியிருந்த விடுதிகளில்.

மாஃபுஷி காட்டிய வழி

எல்லாம் இருட்டாக இல்லை. முகமது நஷீத் அதிபராக இருந்தபோது, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்று விதி தளர்ந்தது. அதுவரை நாட்டின் சிறைச்சாலைக்காக அறியப்பட்ட மாஃபுஷி தீவில் 2010இல் முதல் கெஸ்ட் ஹவுஸ் திறந்தது. இன்று நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்து நான்கு அறை கட்டியவர் முதலாளி ஆனார். மீன்பிடிப் படகு வைத்திருந்தவர் டால்பின் காட்டக் கூட்டிப்போனார். ரிசார்ட்டுக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களின் பெண்கள், தெருமுனை விடுதியில் வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பினார்கள்.

இங்கும் ஓட்டை உண்டு. சம்பளம் குறைவு என்பதால் துப்புரவுக்கும் சமையலுக்கும் வெளிநாட்டவரை வைப்பதே இங்கும் வழக்கமாகிவருகிறது. கணக்கு வைக்கவும், இணையத்தில் விற்கவும், வழிகாட்டவும் முறையான பயிற்சி பெற்றவர்கள் குறைவு. ஆனாலும் ஒன்று நிரூபணமாகிவிட்டது. வேலை வீட்டருகே வந்தால் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். ‘மாலத்தீவுக்காரன் சோம்பேறி’ என்று முதலாளிகள் சிலர் சொல்லிவந்த பேச்சு அதோடு அடிபட்டுப்போனது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பயிற்சி தீவுகளைத் தேடிப் போக வேண்டும். அட்டுவிலும் வடக்கிலுள்ள குல்ஹுதுஃபுஷியிலும் பல்கலைக்கழக வளாகங்கள் இருக்கின்றன. குளிர்பதனம், படகு இயந்திரம், நீராலைப் பராமரிப்பு என்று கைத்தொழில் வகுப்புகளை அங்கே பெருக்கலாம். படகு கட்டுவதில் பேர்பெற்ற அலிஃபுஷி போன்ற தீவுகளில் ஊரிலேயே ஆசான்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, உள்ளூர் ஒதுக்கீட்டைத் தலைக்கணக்கிலிருந்து பதவிக்கணக்குக்கு மாற்ற வேண்டும். மேலாளர் நிலையில் எத்தனை உள்ளூர்க்காரர், அதில் எத்தனை பெண்கள் என்று ஒவ்வொரு ரிசார்ட்டும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். குத்தகை புதுப்பிக்கும்போது அந்தக் கணக்கைக் கேட்கட்டும். இதே கடலில் உள்ள செஷல்ஸ், தன் சுற்றுலாக் கல்லூரியில் தேறியவர்களை அயர்லாந்தின் ஷானன் ஹோட்டல் நிர்வாகக் கல்லூரிக்குப் பட்டப் படிப்புக்கு அனுப்பிவந்திருக்கிறது. மேலாளராகத் திரும்பி வரட்டும் என்றே அனுப்பியது.

மூன்றாவது, மக்கள் வாழும் தீவுக்கு அருகிலுள்ள ரிசார்ட்டுகள் தினசரிப் படகு விட வேண்டும். குழந்தைக் காப்பகமும் பெண்களுக்குத் தனிக் குடியிருப்பும் குத்தகை நிபந்தனையில் சேர வேண்டும்.

நான்காவது, சுற்றுலாவுக்கு வெளியேயும் கால் ஊன்ற வேண்டும். கரும்பை மட்டும் நம்பியிருந்த மொரீஷியஸ் 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து ஆடைத் தொழிலுக்கும், பிறகு நிதிச் சேவைக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் நகர்ந்தது. அவ்வளவு நிலமும் ஆளும் மாலத்தீவுக்கு இல்லைதான். ஆனால் அருகிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. லட்சத்தீவின் மினிக்காய் தீவில் பேசப்படுவது மாலத்தீவின் திவேஹி மொழியின் ஒரு வட்டார வழக்குதான். மினிக்காய் ஆண்கள் தலைமுறைகளாக வணிகக் கப்பல்களில் உலகைச் சுற்றுகிறார்கள். ஒரே மொழி, ஒரே கடல். அவர்கள் கற்ற மாலுமித் தொழிலுக்கு விருந்தினர் வர வேண்டும் என்ற அவசியமில்லை.

நமக்கும் ஒரு எச்சரிக்கை

லட்சத்தீவை மாலத்தீவுக்குப் போட்டியாக வளர்க்கலாம் என்ற பேச்சு 2024 சர்ச்சைக்குப் பிறகு இந்தியாவில் உரக்கக் கேட்கிறது. சுஹேலி, கட்மத் தீவுகளில் தாஜ் குழுமத்தின் ரிசார்ட்டுகள் வரும் என்று 2023லேயே அறிவிப்பு வந்தது. 2011 கணக்குப்படி லட்சத்தீவின் மக்கள்தொகை சுமார் 64,000. எத்தனை அறைகள், எத்தனை விமானங்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மெக்கானிக் பயிற்சி, எத்தனை பேருக்கு மேலாண்மைப் படிப்பு என்று கேட்போர் அரிது. முதல் விருந்தினர் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தமானுக்கும் ராமேஸ்வரத்துக்கும் அதே கேள்வி பொருந்தும்.

மாலத்தீவு அரசுகள் 50 ஆண்டுகளாக அறைகளையும் பயணிகளையும் எண்ணிப் பெருமைப்பட்டுவந்திருக்கின்றன. அந்தப் பெருமைக்கு உரிமை உண்டு, மீன் மட்டுமே இருந்த நாட்டை நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது சுற்றுலாதான். இனி எண்ண வேண்டியது பதவிகளை. ரூம் பாயாகச் சேர்ந்த ஒருவரின் மகள், அதே ரிசார்ட்டில் பொது மேலாளராக முடியுமா என்ற கேள்விக்கு ‘முடியும்’ என்று சொல்லும் நாள்வரை, அங்கே சுற்றுலா வளர்ந்தது என்று சொல்லலாம். அந்தத் தீவு வளர்ந்தது என்று சொல்ல முடியாது.